8 நாள் மௌன ரிட்ரீட்: ஜெபமே ஓடாதவங்களுக்கு இது உதவுமா? என் ரிவ்யூ

ஜெபம் காஞ்சு போய் கிடக்குற நேரத்துல யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாங்க, ஒரு ரிட்ரீட் போயிட்டு வாங்க எல்லாம் சரியாயிடும்னு. போயிட்டு வந்தாச்சு. எல்லாம் சரியாகல. ஆனா திரும்பவும் போவேன். அது ஏன்னு சொல்லத்தான் இந்த ரிவ்யூ. இடத்தோட பேர் போடல, ஏன்னா குறை சொல்ல நிறைய இருக்கு, அதுவும் போக இந்த இஞ்ஞாசியார் ரிட்ரீட் எங்க போனாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடக்குது, அதனால நான் சொல்றதுல பாதிக்கு மேல நீங்க போற இடத்துக்கும் பொருந்தும்.

முதல்ல என்னைப் பத்தி ஒரு வரி. நான் கத்தோலிக்கர் இல்ல, கைதட்டிப் பாடி சத்தமா ஸ்தோத்திரம் பண்ற சபையில வளர்ந்த ஆளு. எங்க பக்கம் ஆவிக்குரிய வறட்சின்னு சொன்னா உடனே வர்ற மருந்து மூணு: உபவாசம், முழு இரவு ஜெபம், இல்லன்னா வெளியில இருந்து ஒரு ஊழியக்காரரைக் கூப்பிட்டு எழுப்புதல் கூட்டம். மூணும் எனக்கு வேற சமயங்கள்ல உதவியிருக்கு, அதைக் குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா இந்த தடவை கூட்டத்துல எல்லாரும் அழுதுட்டு இருக்கும்போது நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துட்டு இருந்தேன், வேதத்தைத் திறந்தா எழுத்து மட்டும் தெரியுது, ஜெபிச்சா நெட்வொர்க் இல்லாத இடத்துல ஃபோன் பேசுற மாதிரி, நாம பேசுறது போய்ச் சேருதான்னே தெரியாம வாய் மட்டும் ஓடிட்டு இருக்கு. ஆப் கூட ட்ரை பண்ணேன், தினமும் தியானம் படிச்சா தொடர்ச்சியா இத்தனை நாள்னு எண்ணி காட்டுமே அது, அதுல என்ன ஆச்சுன்னா அந்த எண்ணிக்கை அறுந்துடக்கூடாதுன்னு தூங்கப்போறதுக்கு முன்னாடி கட்டைவிரலால தள்ளி தள்ளி முடிக்கிறது தான் மிச்சம். அன்இன்ஸ்டால்.

சரி, இந்த ரிட்ரீட்ல என்ன இருக்கு. ஃபோனை முதல் நாளே வாங்கி வச்சிடுவாங்க. யார்கிட்டயும் பேசக்கூடாது, சாப்பிடும்போதும் சேர்த்துதான். ஒரு நாளைக்கு நாலு இல்லன்னா அஞ்சு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் தனியா ஜெபம். கூட ஒரு டைரக்டர், அதாவது ஜெபத்துல வழிநடத்துறவர், அவர்கிட்ட மட்டும் தினமும் ஒரு அரை மணி நேரம் பேசலாம். அவ்ளோதான். பிரசங்கம் கிடையாது, பாட்டு கிடையாது, அல்லது இருக்கக்கூடாது (இதுக்கு பின்னாடி வர்றேன்).

இந்த வடிவத்தைப் போட்டுக் கொடுத்தவர் ஸ்பெயின் நாட்டு லொயோலா இஞ்ஞாசியார். அவர் ஆரம்பத்துல சாமியாரெல்லாம் இல்ல, பட்டாளத்துக்காரர், 1521ல பம்ப்ளோனா சண்டையில பீரங்கி குண்டு காலை உடைச்சிடுச்சு, மாசக்கணக்கா படுக்கை. படுத்த இடத்துல அவர் கவனிச்ச ஒரு விஷயத்துல இருந்துதான் இதெல்லாமே ஆரம்பிக்குது. வீரம், அரண்மனை, அழகான பெண்கள்னு கனவு காணும்போது சுகமா இருக்கு, ஆனா நினைச்சு முடிச்சப்புறம் உள்ளுக்குள்ள காஞ்சு போய் கிடக்குது. இயேசுவோட வாழ்க்கையையும் பரிசுத்தவான்களோட கதையையும் படிச்சு அவங்களை மாதிரி இருக்கணும்னு நினைக்கும்போதும் சுகமா இருக்கு, ஆனா அந்த சந்தோஷம் முடிச்சப்புறமும் தங்குது. அந்த நேரத்து சுகத்தைப் பார்க்காதே, அப்புறம் என்ன தங்குதுன்னு பாருங்கிறது அவர் அங்க கத்துக்கிட்டது. அப்புறம் மன்ரேசாங்கிற ஊர்ல 1522, 23 வாக்குல பல மாசம் தங்கி ஜெபிச்சார், அங்க அவர் பட்ட பாடு நம்மளோடதை விட மோசம், பாவம் மன்னிக்கப்பட்டுச்சா இல்லையான்னு குழம்பி குழம்பி உயிரை விட்டுடலாமான்னு நினைக்கிற அளவுக்குப் போயிருக்கார். அந்த குறிப்பெல்லாம் சேர்ந்து தான் பின்னாடி ஆன்மீகப் பயிற்சிகள்னு வந்துச்சு, 1548ல போப் மூணாம் பவுல் அதுக்கு அனுமதி கொடுத்தார். முழுசா பண்ணா 30 நாள், நாம போறது அதோட சின்ன வடிவம். நல்லா இருக்கும்போது எழுதின ஆள் இல்ல, அடி வாங்கும்போது எழுதினவர்ங்கிறது படிக்கும்போதே தெரியுது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ரிட்ரீட்டோட ஹீரோ மௌனம்னு எல்லாரும் சொல்றாங்க, பாம்ஃப்ளெட்லயும் அதான் பெருசா போட்டிருந்துச்சு. என் கணக்குல மௌனத்துக்கு 5க்கு 3 தான். டைரக்டருக்கு 5க்கு 5, முடிஞ்சா 6.

எனக்குக் கிடைச்சது வயசான ஒரு சிஸ்டர். முதல் நாள் உக்காந்தவுடனே நான் ஒரு பிரசங்கம் மாதிரி ஆரம்பிச்சிட்டேன், எவ்வளவு நாளா வறட்சி, என்னென்ன பண்ணேன், எந்த பாவம் தடையா இருக்கும்னு எனக்கே ஒரு லிஸ்ட். எல்லாத்தையும் கேட்டுட்டு "நல்லா தூங்குறீங்களா?"ன்னு கேட்டாங்க. இல்ல சிஸ்டர்னேன். "அப்ப இன்னைக்கு ஜெபம் ஒண்ணு போதும், 1 இராஜாக்கள் 19, எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு கீழ படுத்துத் தூங்குற இடம் வரைக்கும் படிங்க, அதுக்கு மேல படிக்காதீங்க, நீங்களும் போய்த் தூங்குங்க." எனக்கு கொஞ்சம் ஏமாற்றம்தான், இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு. ஆனா அந்த அதிகாரத்தை எடுத்துப் பாருங்க, போதும் கர்த்தாவேன்னு சாகக் கேட்ட மனுஷனை தேவன் திட்டல, பிரசங்கம் பண்ணல, தூதனை அனுப்பி அடையும் தண்ணியும் கொடுத்து திரும்பவும் தூங்க விடுறார், ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிடு, போக வேண்டிய தூரம் ரொம்ப இருக்குன்னு தான் சொல்றார். தேவன் எலியாகிட்ட பேசுற அந்த மெல்லிய சத்தம் ஓரேபு மலையில வர்றது அதுக்கும் 40 நாள் நடைக்கு அப்புறம். நாம எல்லாரும் நேரா மெல்லிய சத்தத்துக்குத் தாவிடுறோம்.

அதுக்கப்புறம் வந்த சந்திப்புல தான் நிஜமான வேலை. ஜெபத்துல என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க. ஒண்ணும் நடக்கலன்னு சொன்னேன். எங்க பக்கமா இருந்தா இந்த இடத்துல தலையில கை வச்சு ஜெபிப்பாங்க. சிஸ்டர் கேட்டது வேற: "எத்தனை மணிக்கு உக்காந்தீங்க? எங்க உக்காந்தீங்க? எழுந்து போயிடலாம்னு எப்ப தோணுச்சு, அப்ப எந்த வசனத்துல இருந்தீங்க?" யோசிச்சு பார்த்தா சங்கீதம் 63, வறண்டதும் விடாய்த்ததுமான நிலம்னு வர்ற இடத்துல நல்லாத்தான் இருந்தேன், அதுக்கு அடுத்து உம்முடைய கிருபை ஜீவனைப் பார்க்கிலும் நல்லதுன்னு வருமே, அங்க தான் ஒவ்வொரு தடவையும் தண்ணி குடிக்கணும், சேர் மாத்தணும், ஜன்னலை மூடணும்னு ஏதாவது ஒண்ணு வந்துட்டு இருந்துச்சு. ஏன்னா நான் அதை நம்பல. வாய் சொல்லுது, உள்ள ஒருத்தன் இல்லவே இல்லன்னு சொல்லிட்டு இருக்கான். "அப்ப அதையே தேவன்கிட்ட சொல்லுங்களேன்"னு சொல்லிட்டு அவங்க எழுந்து போயிட்டாங்க.

சும்மா ஒண்ணும் நடக்கலன்னு நினைச்ச இடத்துல ஒரு குறிப்பிட்ட வசனத்துக்கிட்ட ஒரு குறிப்பிட்ட மறுப்பு இருந்துச்சு. எனக்கா அது தெரிஞ்சிருக்காது. பின்னாடி தான் தெரிஞ்சுது, இதெல்லாம் சிஸ்டரோட சொந்தத் திறமை மட்டும் இல்ல, இஞ்ஞாசியார் டைரக்டர்களுக்கு எழுதி வச்ச குறிப்புலயே இருக்கு: ஜெபிக்கிறவருக்கு உள்ள ஒரு அசைவுமே வரலன்னா குறிச்ச நேரத்துல பண்றாரா, எப்படி பண்றாருன்னு விவரமா விசாரிக்கணும். சோர்ந்து போயிருக்கிறவர்கிட்ட கடுமையா நடந்துக்கக் கூடாது, மென்மையா பேசி தைரியப்படுத்தணும். டைரக்டர் எந்தப் பக்கமும் சாயாம தராசு முள்ளு மாதிரி நடுவுல நிக்கணும், படைச்சவர் தன் படைப்போட நேரா பேசட்டும்னு விடணும். நம்ம சபைகள்ல ஆலோசனை சொல்ற எல்லாருக்கும் அந்த மூணையும் பிரிண்ட் எடுத்து கொடுக்கலாம். (வேதத்துல எல்லாத்தையும் இழந்து உக்காந்திருந்த யோபுவோட சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் வாயைத் திறக்காம பக்கத்துல உக்காந்திருந்த வரைக்கும் நல்லவங்களாத்தான் இருந்தாங்க.)

அடுத்து எனக்கு ரொம்ப உபயோகமா இருந்தது, வறட்சி ஏன் வருதுன்னு இஞ்ஞாசியார் சொல்ற மூணு காரணம். ஒண்ணு, நாம ஜெபத்துல சோம்பலா அலட்சியமா இருக்கிறதால. ரெண்டு, ஆறுதல்னு கூலி எதுவும் கொடுக்காதப்பவும் நாம எவ்வளவு தூரம் நிப்போம்னு பாக்குறதுக்கு. மூணு, அந்த கண்ணீரும் பரவசமும் நாமளே உண்டாக்கினது இல்ல, கொடுக்கப்பட்டதுன்னு நமக்குப் புரியணும்ங்கிறதுக்கு. நான் பார்த்த வரைக்கும் நம்ம ஆளுங்க எல்லாருமே முதல் காரணத்துல நின்னுடுவாங்க. ஜெபம் வரலையா, பாவம் இருக்கு, ஆராய்ஞ்சு பார். ஆராய்றது தப்பில்ல, ஆனா ஆராய்ஞ்சு ஒண்ணும் சிக்கலன்னாலும் திரும்பத் திரும்ப தோண்டிட்டே இருந்தா அது ஜெபம் இல்லாம தன்னையே பார்த்துட்டு உக்காந்திருக்கிறதுல போய் முடியும். ரெண்டாவதும் மூணாவதும் இருக்குன்னு தெரிஞ்சதே எனக்கு பாதி பாரம் இறங்கின மாதிரி.

வறட்சியும் மனச்சோர்வும் ஒண்ணான்னு ஒரு கேள்வி எனக்கு இருந்துச்சு, அதுக்கு சிஸ்டர் சிலுவை அருளப்பரைச் (John of the Cross) சொன்னாங்க. அவரும் ஸ்பெயின் தான், தன் சபைத் துறவிகளாலயே டொலேடோவுல அடைச்சு வைக்கப்பட்டவர், 1577 டிசம்பர்ல இருந்து அடுத்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும், ஒரு சின்ன இருட்டு அறையில. அவர் சொல்ற அடையாளமும் மூணு. தேவனுடைய காரியத்துல ருசி இல்ல, அதே சமயம் உலக காரியத்துலயும் ருசி இல்ல. நான் அவரை சேவிக்கலையே, பின்வாங்கிட்டேனேங்கிற வலி உள்ள ஓடிட்டே இருக்கு. முன்ன மாதிரி யோசிச்சு கற்பனை பண்ணி தியானிக்க முயற்சி பண்ணாலும் முடியல. மூணும் சேர்ந்து இருந்தா அது ஒரு வழி, அதுல தேவன் தான் நடத்துறார்னு எடுத்துக்கலாம். ஜெபம் மட்டும் போரடிக்குது மத்ததெல்லாம் ஜாலியா இருக்குன்னா அது வேற கதை. அதே மாதிரி உடம்புல மனசுல இருக்கிற நோயால வர்ற சோர்வு மட்டும்னா எல்லாத்து மேலயும் வெறுப்பு தான் இருக்கும், தேவனை சேவிக்கணுமேங்கிற அந்த ஏக்கம் இருக்காதுன்னும் 16ஆம் நூற்றாண்டுலயே பிரிச்சு சொல்லியிருக்கார். ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம்னும் சொல்றார். அதனால சிஸ்டர் தெளிவா சொன்னாங்க, தூக்கம் பசி எல்லாம் போய், உயிரோட இருக்கவே பிடிக்கலன்னா முதல்ல டாக்டரைப் பாருங்க, ரிட்ரீட் ஓடிப்போயிடாது.

இங்க தான் முதல் பெரிய குறை. அந்த இடத்துல சேர்றதுக்கு கொடுத்த ஃபார்ம்ல எந்த சபை, எத்தனை தடவை ரிட்ரீட் வந்திருக்கீங்க, சுகர் பிபி இருக்கான்னு எல்லாம் கேட்டாங்க, மனநலம் பத்தி ஒரு கேள்வி கூட இல்ல. ஃபோனைப் புடுங்கி, பேச்சை நிறுத்தி, ஒருத்தரை அவரோட நினைப்புக்கூடவே நாள் முழுக்க விட்டா, ஏற்கனவே மனச்சோர்வுல இருக்கிறவருக்கு அது ஆபத்தாப் போகலாம். எனக்கு நல்ல சிஸ்டர் கிடைச்சாங்க, அவங்களா கேட்டாங்க. எல்லாருக்கும் அப்படி கிடைக்கும்னு என்ன நிச்சயம்.

மௌனத்துக்கு ஏன் 3 தான்னு கேட்டா, ஆரம்பத்துல மௌனம் அமைதியா இருக்காது, உள்ள இருக்கிற இரைச்சலுக்கு யாரோ வால்யூம் கூட்டின மாதிரி இருக்கும், பழைய சண்டை, ஆபீஸ்ல பதில் சொல்லாம விட்டது, எல்லாம் வரிசையா வரும். அது அடங்க ரெண்டு மூணு நாள் ஆகும், யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. அடங்கினப்புறம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மட்டும் வச்சு வறட்சி போகாது.

அடுத்த குறை ஜெப அறை. ஒரு நல்ல எண்ணத்துல ஸ்பீக்கர்ல மெதுவா வர்ஷிப் மியூசிக் ஓட விட்டிருந்தாங்க. ஐயா, உணர்ச்சி வரலன்னு தானே வந்திருக்கோம், அதை கீபோர்டு போட்டு வரவழைச்சா எங்களுக்கு எப்படித் தெரியும் எது எதுன்னு? ஒருத்தர் போய் சீட்டு எழுதிக் கொடுத்தப்புறம் நிறுத்தினாங்க. அவருக்கு நன்றி, யார்னு தெரியாது, பேசக்கூடாதே.

அன்னை தெரசா கதையைப் பத்தியும் சொல்லணும். அறிமுக உரையில ஒருத்தர் அதை எடுத்தார். அவங்க எழுதின கடிதங்கள் 2007ல, அவங்க இறந்து பத்து வருஷம் கழிச்சு புத்தகமா வந்துச்சு, தேவன் இருக்கிறதே தெரியாத மாதிரி ஒரு இருட்டு, நடுவுல கொஞ்ச நாள் தவிர கிட்டத்தட்ட கடைசி வரைக்கும்னு அதுல இருக்கு. நிஜம் தான். ஆனா அதை மேடையில ஒரு மெடல் மாதிரி காட்டினார், வறட்சின்னா நாமளும் பெரிய பரிசுத்தவான் ஆகப்போறோம்ங்கிற தொனியில. வந்திருந்த பாதி பேர் அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல ஜெபிக்க முடியலன்னு வந்தவங்க. அவங்களுக்கு அவிலா தெரசம்மா (16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் துறவி, அன்னை தெரசா இல்ல) கதை இன்னும் பொருத்தம், பல வருஷம் ஜெப நேரம் எப்ப முடியும், மணி எப்ப அடிக்கும்னு தான் காத்துட்டு இருந்தேன்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க, ஜெபத்தைப் பத்தி உலகத்துக்கே பாடம் எடுத்தவங்க. கூட்டத்துல கடிகாரம் பார்த்த எனக்கு அது ஒண்ணு போதும்னு இருந்துச்சு.

உபயோகமான ஒரு சின்ன நுணுக்கம், வீட்டுக்கு வந்தும் விடாம பண்றது. ஒரு மணி நேரம்னு வச்சுக்கிட்டு வறட்சியா இருந்தா சீக்கிரம் எழுந்துக்கத் தோணும், அப்படித் தோணும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல கொஞ்சம் சேர்த்து உக்காருங்கிறார் இஞ்ஞாசியார். வீட்டுல எனக்கு ஒரு மணி நேரமெல்லாம் கிடையாது, வச்சிருக்கிற நேரம் கொஞ்சம்தான், ஆனா எழுந்துக்கணும்னு கை தரையை ஊனும்போது இன்னும் ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்துல எதுவும் சொல்றதில்ல. சில நாள் சங்கீதம் 88 மட்டும் வாசிச்சிட்டு வச்சிடுறேன், மத்த புலம்பல் சங்கீதமெல்லாம் கடைசியில எப்படியாவது துதிக்குத் திரும்பிடும், அது திரும்பவே திரும்பாது, அப்படியே முடிஞ்சிடும், அதையும் வேதத்துக்குள்ள வச்சிருக்காங்க பாருங்க. வறட்சி போச்சான்னு கேட்டா, அந்த சங்கீதம் 63 வசனத்தை இப்பவும் நான் முழுசா நம்பிச் சொல்றேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்பலன்னு அவர்கிட்டயே சொல்ற அளவுக்கு பக்கத்துல வந்திருக்கேன். முன்னாடி அது கூட இல்ல.

இன்னொண்ணு, வறட்சியோட இருட்டுல இருக்கும்போது வெளிச்சத்துல எடுத்த முடிவை மாத்தாதேங்கிற இஞ்ஞாசியாரோட விதி. சபையை விட்டுடலாமா, சண்டே ஸ்கூல் பொறுப்பை ராஜினாமா பண்ணிடலாமான்னு போறதுக்கு முன்னாடி லெட்டரே டைப் பண்ணி வச்சிருந்தேன். அனுப்பல. டிராஃப்ட்ல தான் இருக்கு, என்னைக்காவது மனசு தெளிவா இருக்கிற நாள்ல எடுத்துப் படிச்சு அப்பவும் சரின்னு பட்டா அனுப்பிக்கலாம்.

கடைசி நாள் ஷேரிங் தான் எனக்கு சுத்தமா பிடிக்கல. வட்டமா உக்கார வச்சு ஒவ்வொருத்தரும் என்ன பெற்றுக்கொண்டீங்கன்னு சொல்லணும்னாங்க. பாம்ஃப்ளெட்ல "புதிய அபிஷேகத்தோடு திரும்புவீர்கள்"னு போட்டாச்சே, அதுக்கு சாட்சி வேணும்ல. ஒவ்வொருத்தரா தேவன் தொட்டார், நிரப்பினார்னு சொல்லிட்டு வர, எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ஒரு பொண்ணு குரல் நடுங்க "நானும் ரொம்ப ஆசீர்வாதமா..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க. மைக் அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு. அத்தனை நாள் டைரக்டர்கள் பொறுமையா கட்டினதை அந்த ஒரு மணி நேரத்துல கலைக்கிறதுக்குன்னே வச்ச மாதிரி இருந்துச்சு.

யாருக்கு இது: கொஞ்ச காலமா விடாம ஜெபிச்சு, இப்ப அது ஓடாம நிக்கிறவங்களுக்கு. புதுசா விசுவாசத்துக்கு வந்தவங்க இவ்ளோ நீளமா வேண்டாம், வார இறுதி ரிட்ரீட் போங்க. லீவ் கிடைக்காதவங்க, சின்னக் குழந்தை இருக்கிறவங்க ஏங்க வேண்டாம், வீட்டுல இருந்துட்டே தினமும் ஜெபிச்சு பண்ற மாதிரி ஒரு வழியையும் இஞ்ஞாசியார் அப்பவே எழுதி வச்சிருக்கார், இப்ப பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவை டைரக்டரைப் பாக்குற மாதிரி நடத்துறாங்க, நிறைய இடத்துல ஆன்லைன்லயும் பண்றாங்க. மொத்தமா 5க்கு 3.5.

புக் பண்றதுக்கு முன்னாடி ஃபோன் போட்டு கேளுங்க: தினமும் தனியா டைரக்டரைப் பாக்க முடியுமா, இல்ல எல்லாருக்கும் சேர்த்து ஒரு பிரசங்கம் தானா, ரெண்டாவதுன்னா இந்த ரிவ்யூ அதுக்குப் பொருந்தாது. முழுக்க ஒரே டைரக்டரா, நடுவுல மாத்துவாங்களா. வேற சபைக்காரங்க வரலாமா, திருப்பலியில (கத்தோலிக்க ஆராதனை) எங்களுக்கு எது வரைக்கும்னு முன்னாடியே தெளிவு பண்ணிக்கோங்க, அங்க போய் நன்மை (நம்ம பக்கம் திருவிருந்து) வாங்குற நேரத்துல முழிக்க வேண்டாம். மருந்து சாப்பிடுறவங்க அதை அவங்களா கேக்கலன்னாலும் சொல்லிடுங்க. அப்புறம் கடைசி நாள் ஷேரிங் கட்டாயமான்னு கேளுங்க, கட்டாயம்னு சொன்னா நானா இருந்தா வேற இடம் பார்ப்பேன்.